எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கு

நைனா,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உனக்குக் காக்கிநாடா ரயில். அதற்குள் இதைப் படித்துவிடு. நேரில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். நான் வாயைத் திறந்தாலே நீ காதில் அந்த ஒயரைச் செருகிக்கொள்கிறாய். மாசி மாதம் அந்தக் கல் உன் தோளில் விழுந்ததிலிருந்து என்னிடம் நேராகப் பேசுவதே இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அப்பாவைப் பார்த்து, "அம்மாவாண்ட உப்பு கேளுப்பா" என்கிறாய். அவரும் பெரிய தூதர் மாதிரி என் பக்கம் திரும்பி, "உப்பு கேக்குறான்" என்கிறார். நான் கிண்ணத்தை அவர் கையில் கொடுக்கிறேன். அவர் உன் கையில் கொடுக்கிறார். மூன்று பேர் கால் நீட்ட இடமில்லாத வீட்டில் உப்புக்கு இவ்வளவு பெரிய சுற்றுப்பாதை. எனக்குச் சில சமயம் சிரிப்பாகக்கூட வருகிறது.

இதை உனக்கு மட்டும் என்று எழுதவில்லை. காக்கிநாடாவில் உன்னோடு வண்டி ஓட்டப்போகிறவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களும் படிக்கட்டும். தெரியாதவர்களுக்கு நீ படித்துச் சொல், உனக்குத்தான் தெலுங்கு அரைகுறையாக வருமே. அம்மாவே பிள்ளையைக் கல்லால் அடித்த கதையை நம் ஆட்கள் இதற்குள் போன் போட்டு அங்கேயும் சொல்லியிருப்பார்கள். மீதிக் கதையையும் தெரிந்துகொள்ளட்டும். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்பதற்காக எழுதுகிறேன் என்று நினைத்தால் இதை இங்கேயே மடித்து வைத்துவிடலாம். நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

நம் வேலை உனக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முகத்துவாரக்குப்பத்தில் நம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், எண்ணெய் டேங்குகள் நிற்கும் யார்டு. நீயும் நானும் ஒரே காண்ட்ராக்டரின் ஆட்கள். மழை முடிந்தால் டேங்குகளைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குப் புல் எழும்பிவிடும். அது காய்ந்துவிட்டால் ஒரு பொறி போதும், எண்ணூரே எரியும். அதனால் பச்சையாக இருக்கும்போதே வெட்டுவோம். நீ டிராக்டர் ஓட்டுகிறாய். டிராக்டரின் பின்னால் புல் வெட்டும் மெஷின். பெண்கள் நாங்கள், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு கோலும் கோணிப்பையுமாக உனக்கு முன்னால் வரிசை கட்டி நடப்போம். கல், கம்பி, பாட்டில் என்று கத்தியில் பட்டுத் தெறிக்கக்கூடிய எதையும் பொறுக்கிவிடுவது எங்கள் வேலை. அந்தக் கத்தியில் பட்ட கூழாங்கல் துப்பாக்கிக் குண்டு மாதிரி போகும். கண்ணால் பார்த்தவள் நான். கேட் பக்கம் இருந்த தகரப் போர்டில் இன்னும் அந்த ஓட்டை இருக்கிறது.

எனக்கு அந்த நடை பிடிக்கும். காலையில் புல் முழுக்க ஈரமாக இருக்கும். சுவருக்கு அப்பால் கடல், ஆனால் தெரியாது. காற்று மட்டும் வரும். புல் ஒரு பக்கமாகச் சாயும், மெதுவாக எழுந்திருக்கும், மறுபடி சாயும். கோலால் தட்டிக்கொண்டே போகிறபோது கொஞ்ச நேரத்தில் எங்கே இருக்கிறோம், என்ன வயது என்பதெல்லாம் மறந்துபோய்விடும். டேங்குகள் கூட அந்த வெளிச்சத்தில் வெள்ளை வெள்ளையாக மிதக்கிற மாதிரி இருக்கும். காலடியில் என்னென்னவோ அகப்படும். ஒற்றைச் செருப்பு, மிதவைக் கட்டை, முகத்துவாரத்துத் தண்ணீர் உள்ளே ஏறிய நாளில் விட்டுப்போன வலைத் துண்டு, ஒருமுறை ஒரு பொம்மையின் கால். பின்னால் வெகு தூரத்தில் உன் டிராக்டர் அரைத் தூக்கத்தில் முனகிக்கொண்டிருக்கும். நாங்கள் அந்த முனைக்குப் போய்ச் சுவரோரம் ஒதுங்கி, எங்களோடு நடக்கிற கமலா பச்சைக் கொடியை ஆட்டிய பிறகுதான் நீ மெஷினைத் தரையில் இறக்குவாய். அப்போது ஒரு வாசனை கிளம்பும் பார், எண்ணெய் நாற்றம், சேற்று நாற்றம், புகை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு பச்சைப் புல் வாசனை. எங்கிருந்தோ கொக்குகள் வந்து உன் பின்னாலேயே நடக்கும். நான் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பா கடலில் போகிறார், பிள்ளை புல்லில் போகிறான் என்று தோன்றும். சமயத்தில் அப்படியே கண் சொருகிவிடும். சூப்பர்வைசர் அதட்டினால் கமலா, "தூங்கல சார், ஸாமி கும்புட்டுகினு கீது" என்பாள்.

நீ நல்ல டிரைவர். வாய்விட்டு இதுவரை சொன்னதில்லை, திமிர் ஏறிவிடும் என்று. கமலா கால் வலிக்கிறது என்று எத்தனை நாள் கேட்டிருப்பாள். "மட்கார்டு மேல குந்திக்கிறேன் ராஜா, கேட் வரைக்கும்தான்." நீ ஒரு நாளும் ஏற்றியதில்லை. "எனக்கு ஒரே சீட்டுதான்க்கா கீது. வேணும்னா சொல்லு, நான் எறங்கி நடக்குறேன், நீ ஓட்டு." அவள் உன்னைக் கண்டபடி திட்டிவிட்டு நடப்பாள். டேங்குகளைச் சுற்றியுள்ள மண்கரையில் நீ ஒருபோதும் குறுக்காக ஓட்டமாட்டாய். வண்டி சாயும் என்று தெரியும். சைலன்சர் முனையில் பொறி தடுக்கிற அந்த மூடி இல்லாமல் கேட்டைத் தாண்டியதில்லை. லுங்கியில் வந்த புது டிரைவரை நீதான் திருப்பி அனுப்பினாய். இவ்வளவும் தெரிந்த உனக்குத்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது. தெரியாதவனுக்கு ஒருமுறை சொன்னால் போதும். உன் விஷயம் வேறு. உனக்கு மூளையில் இருப்பது ஒன்று, கையில் இருப்பது ஒன்று.

கையில் இருப்பது அப்பாவிடமிருந்து வந்தது. விசைப்படகு டிரைவருக்கு எஞ்சினை நிறுத்துவது என்றால் கெட்ட சொல். நடுக்கடலில் நிறுத்திவிட்டால் திரும்பக் கிளம்புமோ கிளம்பாதோ, அதற்குள் காற்று எந்தப் பக்கம் தள்ளுமோ என்கிற பயம். அந்தப் பயம் அவரோடு கரைக்கும் வந்துவிட்டது. டீக்கடை வாசலில் பைக்கை ஓடவிட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். வீட்டில் ஆள் இல்லாத அறையில் மின்விசிறி சுற்றும், டிவி தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்கும். நான் அணைத்தால், "ஏன் ஆப் பண்ண, வந்துகினுதான கீறேன்" என்பார். படகின் அடியில் விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் அவர் நியூட்ரலில் போடுவார். விசிறி நின்றுவிடும், எஞ்சின் மேலே ஓடிக்கொண்டிருக்கும். இறங்கி அவிழ்த்துவிட்டு வருவார். நீயும் பள்ளிக்கூட விடுமுறைகளில் அவரோடு போய் அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன். உனக்கு நியூட்ரல் என்றால் எல்லாம் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

டிராக்டரில் அப்படி இல்லை. காலையில் கேட்டில் நிறுத்திவைத்துப் பாதுகாப்புப் பேச்சுப் பேசுவார்களே, பாதிப் பேர் கொட்டாவி விடுவோமே, அதில் கேட்டதுதான். கியரை நியூட்ரலில் போட்டால் சக்கரம் நிற்கும், அவ்வளவுதான். எஞ்சினிலிருந்து பின்னால் மெஷினுக்குச் சுற்றைக் கொண்டுபோகிற ஷாஃப்டுக்குத் தனி லீவர். அதை எடுக்காதவரை அது தன் பாட்டுக்குச் சுற்றும். எடுத்த பிறகும் கத்தி உடனே நிற்காது, கொஞ்ச நேரம் ஓடித்தான் ஓயும். இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். லைசென்ஸ் எடுக்கும்போது ஒப்பித்துக் காட்டியவன் நீ.

இப்போது மாசி மாதத்துக்கு வருகிறேன். கிழக்குச் சுவரோரம், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். சேற்றுக்கு அடியில் ஒரு முழு வலை புதைந்து கிடந்திருக்கிறது. எங்கள் கோலுக்கு அகப்படவில்லை, மேலே புல் அவ்வளவு அடர்த்தியாக வேர் விட்டிருந்தது. உன் மெஷின் அதை மண்ணோடு பெயர்த்து எடுத்துச் சுற்றிக்கொண்டது. ஒரு முக்கல், ஒரு நடுக்கம், அப்புறம் மெஷின் நின்றுவிட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கோணிப்பையைச் சுவரோரம் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். நீ இறங்கிப் பின்னால் வருவதைப் பார்த்தேன். சாவிக்கு உன் கை போகவில்லை என்பதையும் பார்த்தேன்.

நீ அந்த வலையை வெட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. வேறு டிரைவர் யாராக இருந்தாலும் கத்தியைக் கொண்டுவா என்று கத்தியிருப்பான், அதற்குள் யாராவது வந்திருப்பார்கள். நம் ஆட்களுக்கு வலையை வெட்ட மனசு வராது. நீ குனிந்தாய். முனையைத் தேடி எடுத்தாய். முடிச்சு எங்கே என்று விரலால் தடவிப் பார்த்தாய், அப்பா செய்கிற மாதிரியே, தலையைக்கூட அதே பக்கம் சாய்த்துக்கொண்டு. அப்புறம் அந்த முனையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டாய், பிடி வழுக்காமல் இருக்க. எனக்கு ஒரு நிமிஷம் அது அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வெயிலில் கொக்குகள் நின்றுகொண்டிருந்தன. புல் சாய்ந்து எழுந்தது. என் பிள்ளை வலை பிரிக்கிறான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அந்த மெஷின் தானாக நிற்கவில்லை, வலைதான் அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது. நீ அந்த வலையைத்தான் அவிழ்த்துக்கொண்டிருந்தாய்.

கத்தினேன். உனக்குக் கேட்கவில்லை. காதில் அடைப்பு, பக்கத்தில் எஞ்சின். ஓடிவர நேரமில்லை. கவிழ்த்த குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்தேன், எறிந்தேன். கருவாடு காயும் மணலில் காக்காய் விரட்டிப் பழகிய கை, குறி தப்பாது. உன் தோளில் விழுந்தது. நீ வலியில் வலையை உதறிவிட்டு அந்தக் கையால் தோளைப் பிடித்துக்கொண்டாய். யார் அடித்தது என்று திரும்பினாய். என்னைப் பார்த்ததும் உன் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "இன்னாம்மா, பைத்தியம் கியித்தியம் புட்ச்சிகிச்சா?" என்று நீ என்னைப் பார்த்து இரண்டு அடி எடுத்து வைத்தாய். உன் முதுகுக்குப் பின்னால், நீ உதறிய முனை புல்லுக்குள் நெளிந்தது. யாரோ உள்ளேயிருந்து இழுக்கிற மாதிரி சரசரவென்று போனது. முழு வலையும் போனது. கண் மூடித் திறப்பதற்குள் அங்கே வலை என்று ஒன்றுமே இல்லை, கத்தி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு நீ திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. "பாத்தியா, தானா வுட்டுகிச்சி. நியூட்ரல்லதான போட்டு வெச்சிருந்தேன். இதுக்கு இன்னாத்துக்கு கல்லு வுடுற?" என்றாய். எல்லாரும் ஓடிவந்தார்கள். கமலா, "பெத்த புள்ளையவே கல்லால அட்ச்சிட்டியேடி, சண்டையா?" என்றாள். யாரோ சிரித்தார்கள், உடனே எல்லாரும் சிரித்தார்கள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ் கண்டக்டரிலிருந்து மீன் ஏலக்காரர் வரை என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அன்றைக்கு நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். நீ வண்டியில் ஏறிப் போய்விட்டாய். எனக்கு வாய் திரும்பி வந்தபோது நீ காதை மூடிக்கொண்டிருந்தாய். அடுத்த வாரமே காக்கிநாடா யார்டுக்கு ஆள் வேண்டும் என்று காண்ட்ராக்டர் கேட்டபோது முதல் ஆளாகக் கை தூக்கினாய்.

ஆகவே நீ பார்க்காததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். நீ வலையை விட்டதற்கும் அது உள்ளே போனதற்கும் நடுவில் நான் ஒரு மூச்சு விட்டிருப்பேன். அவ்வளவுதான் இருந்தது.

அப்பாவிடம் அன்றைக்குச் சாயங்காலமே சொன்னேன். முதலில் உன் கட்சிதான். "நியூட்ரல்ல இருந்தா இன்னா ஆவும்? புள்ளய போய் அட்ச்சிகினு" என்றார். படகு வேறு, டிராக்டர் வேறு என்று தட்டையும் டம்ளரையும் வைத்துக்கொண்டு அவருக்குப் புரியவைத்தேன். "கையில சுத்தி புட்ச்சிருந்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குமேல் சாப்பிடவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். உன்னிடம் ஏன் பேசவில்லை என்று கேட்காதே. அவருக்குப் பேசத் தெரியாது, உப்பு கொடுக்கத்தான் தெரியும். ஆனால் போன வாரம் டீக்கடைப் பக்கம் போனேன். அவர் உள்ளே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். வாசலில் பைக் சத்தமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருந்தார்.

எனக்கு மதியத் தூக்கத்தில் ஒரே கனவு வருகிறது. நான் புல்லில் நடந்துகொண்டிருக்கிறேன். யார்டுக்குச் சுவரே இல்லை, புல் கடல் வரைக்கும் போகிறது, கடலும் பச்சையாகத்தான் இருக்கிறது. பின்னால் உன் டிராக்டர் வருகிறது. நான் குனிந்து குனிந்து பொறுக்குகிறேன். கையில் கிடைப்பதெல்லாம் நம் வீட்டுச் சாமான். உன் பள்ளிக்கூட ஷூ, பால் டம்ளர், அப்பாவின் சட்டைப் பித்தான், உன் முதல் பல். எல்லாவற்றையும் கோணியில் போட்டுக்கொண்டே போகிறேன், கோணி கனக்கவே இல்லை. ஒன்றையும் விட்டுவிடக் கூடாது, விட்டால் உன் கத்தியில் படும் என்று மட்டும் தெரிகிறது. களைப்பே இல்லை, சுகமாகக்கூட இருக்கிறது. எவ்வளவு தூரம் நடந்தாலும் முடியாது என்று தெரிந்தும் பயமில்லை. முழித்த பிறகுதான் பயம் வரும், காக்கிநாடாவில் உனக்கு முன்னால் யார் நடப்பார்கள் என்று.

யாராவது நடப்பார்கள். அவர்களும் யாருக்கோ அம்மாவாக இருப்பார்கள். ஆனால் உன்மேல் கல்லெறிய அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? நீ அவர்கள் டிரைவர், "சார்" என்பார்கள், நீ குனிந்தால் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் அங்கே நீயேதான் உனக்குக் கல்லெறிந்துகொள்ளவேண்டும். சீட்டை விட்டு எழுந்திருக்கும் முன் லீவரை எடு, மெஷினைத் தரையில் இறக்கு, சாவியைத் திருப்பு, திருப்பிக் கழற்றிப் பையில் போடு. அப்புறமும் இறங்காதே. அந்தக் கத்தி ஓயும் வரை சீட்டிலேயே உட்கார்ந்திரு. கொக்கைப் பார், வானத்தைப் பார், என்னைத் திட்டு. சத்தமெல்லாம் அடங்கி, புல்லில் காற்று போவது காதில் விழுந்தால், இறங்கு. கத்தியில் சுற்றியிருப்பது தங்க வலையாக இருந்தாலும் வெட்டி எறி. மெஷினைத் தூக்கி வைத்து அடியில் நுழையவேண்டி வந்தால், கட்டை முட்டுக் கொடுக்காமல் நுழையாதே. திரும்பக் கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்று உன் கைக்குத் தோன்றும். அது கரை, நைனா. கிளம்பாவிட்டால் எங்கேயும் அடித்துக்கொண்டு போகாது. மெக்கானிக் வரும் வரை நிழலில் படுத்துத் தூங்கு.

இதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நீ என்மேல் கோபமாக இருக்கிறாய், இருந்துகொள். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் அப்பா வழியாகவே பேசு; பழகிவிட்டது, அவருக்கும் ஒரு வேலை. நாளைக்கே நீ மறுபடி அப்படிக் குனிந்தால் மறுபடியும் எறிவேன், இந்த முறை இன்னும் பெரிய கல்லாகப் பார்த்து. நீ போவது எனக்குத் தாங்கவில்லை. உன் சட்டையெல்லாம் துவைத்துப் பையில் அடுக்கும்போது ஒவ்வொரு சட்டையின் கையையும் நீவி நீவி மடித்தேன், கமலா வந்து பிடுங்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நான் ஸ்டேஷனுக்கு வருவேன். கூப்பிடாவிட்டாலும் வருவேன். நீ ஏறி உட்கார்ந்துகொள். பேசவேண்டாம், திரும்பிப் பார்க்கவேண்டாம், வண்டி நகரும்போது கையாட்டவும் வேண்டாம். சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திரு. அந்த இரண்டு கையையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா